பிழைக்கு வேலி கட்டச் சொன்னவருக்கு

டீச்சர்,

இன்று காலை பெயின்ட் அடிக்கிற தம்பி வந்து, பேத்தி ஹஸ்னாவுக்காகக் கட்டிய வீட்டின் ஹோல் சுவரைத் தடவிப் பார்த்தான். உள்ளங்கை கறுத்துப்போனது. "இதென்ன உம்மா, சுவர் முழுக்கக் கரி? இங்கயா அடுப்பு மூட்டின?" என்று கேட்டான். தேய்த்துக் கழுவி, ஒரு பூச்சுப் பூசி, அது காய்ந்த பிறகுதான் பெயின்ட் என்றான். வாளியில் அவன் கரைத்து வைத்திருந்த சுண்ணாம்பின் மணம் வீடெல்லாம் பரவியது. முதலில் குசினியை முடி, ஹோலை நாளைக்குப் பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டேன்.

அனுப்பிவிட்டு இருக்க முடியவில்லை. நாலு தரம் போய் அந்தச் சுவரைப் பார்த்துவிட்டு வந்தேன். நாளைக்கு அது போகத்தான் வேண்டும். கணக்குப் படிக்க வருகிற பிள்ளைகள் இப்போது ஒரு கறும்பலகை வாங்கி எங்கள் விறாந்தையில் மாட்டியிருக்கிறார்கள், சுவர் இனி அவர்களுக்குத் தேவையில்லை. ஆனாலும் அதில் வலப்பக்கம் மேலே உங்கள் கையெழுத்து இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு வந்துதான் ஹஸ்னாவின் பழைய கொப்பியில் தாள் கிழித்து எழுதுகிறேன். அஞ்சாம் வகுப்போடு என்னை நிறுத்திவிட்டார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். எழுத்துப் பிழை இருக்கும். பிழையைக் கண்டு நீங்கள் ஒருநாளும் சிரித்ததில்லை.

உங்களுக்கு என்னைத் தெரிவதற்கு இருபத்திரண்டு வருஷம் முந்தியே எனக்கு உங்களைத் தெரியும். அப்போது நீங்கள் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தீர்கள், கல்லூரிக்கு மாறிப் போகவில்லை. என் மகள் ரிஸானா உயர்தரத்தில் கணக்குப் பிரிவு எடுத்திருந்தாள். முதல் தவணை முடிந்ததும் என்னைக் கூப்பிட்டு அனுப்பினீர்கள். பச்சைக் கரை வைத்த சாரி. மேசையில் பாதி குடித்த தேத்தண்ணி. என் முகத்தைப் பார்க்காமல் அவளுடைய தாளைப் பார்த்துக்கொண்டு சொன்னீர்கள்: "இவளுக்குக் கணக்கு ஓடாது. கலைப்பிரிவுல போடுங்க."

அந்த அஞ்சு சொல்லை நான் மறக்கவில்லை. பிள்ளை கலைப்பிரிவுக்கு மாறினாள், படிப்பில் மனம் விட்டுப்போனாள், அடுத்த வருஷம் கலியாணமாகிவிட்டது. ஒரு டீச்சரின் வாயால் என் பிள்ளையின் படிப்புப் போனது என்று பெருநாளைக்கு வருகிறவர்களிடமும் சொன்னேன், சாவு நடந்த மையித்து வீட்டில் பக்கத்தில் இருந்தவர்களிடமும் சொன்னேன். கல்முனைச் சந்தையில் உங்களைக் கண்டால் மற்றப் பக்கம் போய்விடுவேன். நீங்கள் மீன் வாங்குகிற ஆளிடம் நான் மீன் வாங்கியதில்லை.

அப்படிப்பட்ட நீங்கள் ஒரு வியாழக்கிழமை குடையைப் பிடித்துக்கொண்டு, பாண்டிருப்பிலிருந்து நடந்து வந்து எங்கள் படலையில் நின்றீர்கள். உங்களுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. ஹஸ்னாவின் உம்மம்மாவா என்று கேட்டீர்கள். கல்லூரியில் கணக்குப் படிப்பிக்கிறேன், ஹஸ்னா மூன்று கிழமையாக வகுப்புக்கு வரவில்லை என்றீர்கள். ஒவ்வொரு நாளும் காலையில் பையைத் தூக்கிக்கொண்டு போகிறாளே என்றேன். பிறகுதான் தெரிந்தது, பிள்ளை மருதமுனையில் கூட்டாளி வீட்டில் போய் இருந்துவிட்டு வந்திருக்கிறாள். முதலாம் வருஷக் கணக்குப் பரீட்சையில் தவறியதை எங்களுக்குச் சொல்லாமல் மறைத்திருக்கிறாள். அந்தப் பாடத்தை மூன்று தரம்தான் எழுதலாம், மூன்றிலும் விட்டால் கல்லூரியை விட்டே வெளியேற வேண்டும், ஒன்று போய்விட்டது என்றீர்கள்.

நான் உங்களை இருக்கச் சொல்லவில்லை. படலையைப் பிடித்துக்கொண்டு, பச்சைக் கரைச் சாரியில் தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். தேத்தண்ணிக் கோப்பையைக்கூட விடவில்லை. நீங்கள் குடையை மடக்கினீர்கள்.

"ஓம் ராத்தா, சொன்னன். பிழைதான்."

இப்படி ஒரே வார்த்தையில் ஒத்துக்கொண்டால் இருபத்திரண்டு வருஷமாய்ச் சேர்த்ததை நான் எங்கே கொட்டுவது? வாதாடுவீர்கள் என்று நினைத்து எத்தனை பதில் வைத்திருந்தேன். ஒன்றுக்கும் வேலை இல்லாமல் போனது. அந்தக் கோபத்தில்தான் உள்ளே வாங்க என்று சொன்னேன்.

உங்களுக்கு ஓர் இடம் வேண்டியிருந்தது. முதலாம் வருஷத்தில் தடுமாறுகிற ஏழு பிள்ளைகளை வைத்து, பின்னேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாய்த் தூக்கிவிட வேண்டும் என்றீர்கள். கல்லூரியை நாலு மணிக்குப் பூட்டிவிடுவார்கள். "மூளையில்லாத பிள்ளைகள் இல்ல ராத்தா. பள்ளியில ஏன் எண்டு கேக்காமப் படிச்சிட்டு வந்திரிக்கிதுகள். இங்க வந்தா எல்லாம் இங்கிலீசுல ஓடுது. என்ன தெரியாது எண்டே சொல்லத் தெரியாம நிக்கிதுகள்."

ஹஸ்னாவின் வீடு அப்போது கூரை போட்டு, சுவர் பூசி, கதவு வைக்காமல் கிடந்தது. எங்கள் பக்கத்தில் பெண்ணுக்குக் கலியாணம் பேசுமுன் வீடு எழும்பிவிட வேண்டுமே, அவளுடைய வாப்பா கட்டாரிலிருந்து வருஷத்துக்குக் கொஞ்சமாய் எழுப்பிக்கொண்டிருந்தார். அந்த ஹோலைத் தருகிறேன் என்றேன். ஆனால் நாலு குமரும் மூன்று பொடியன்களும் கதவில்லாத வீட்டில் ஒன்றாய் இருந்தால் ஊர் வாய் சும்மா இருக்காது, அதனால் வகுப்பு முடியும்வரை நானும் அங்கே கதிரை போட்டு இருப்பேன் என்று சொன்னேன். உங்கள்மேல் ஒரு கண் வைக்கவும்தான். அதை அப்போது சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன்.

அஸர் தொழுதுவிட்டு வந்தால் பொழுதுபட்டு மஃரிப் பாங்கு சொல்லும் வரைக்கும் வகுப்பு. கொப்பி எடுக்க விடமாட்டீர்கள். கொப்பிக்குள் போனால் பிழை ஒளிந்துகொள்ளும் என்பீர்கள். ஆளுக்கு ஒரு துண்டுச் சுவர், நின்றுகொண்டு எழுத வேண்டும். நீங்கள் கொண்டுவந்த சோக்கு அந்தச் சீமெந்தில் பிடிக்கவில்லை. நான்தான் குசினியிலிருந்து சிரட்டைக்கரி எடுத்துவந்து தந்தேன். ஒரு பிள்ளை பிழையாக எழுதிவிட்டு முந்தானையால் அழிக்கப் போனாள். "அழிக்காத மகள். அதச் சுத்தி வேலி கட்டு. பக்கத்துல திருப்பிச் செய். எந்த இடத்துல சறுக்கின எண்டு நாளைக்கும் தெரியணும்" என்றீர்கள். அப்படித்தான் அந்தச் சுவர் முழுக்க வேலியும் வளவுமாய் நிறைந்தது.

இரண்டாம் கிழமை சிபான் என்கிற பொடியன் எழுதியதை எல்லாரும் பார்த்தோம். மூன்று எக்ஸ் சமன் பன்னிரண்டு. அதற்குக் கீழே, எக்ஸ் சமன் சய நாலு, முன்னால் கழித்தல் குறி போட்ட நாலு. பிழை என்று நீங்கள் சொல்லவில்லை. "இத ராத்தாவுக்கு விளங்கப்படுத்து" என்றீர்கள். காவலுக்கு வந்தவளை வகுப்புக்குள் இழுக்கிறீர்களே என்று கோபம் வந்தது. அவன் என் பக்கம் திரும்பி, மூன்று அந்தப் பக்கம் போனால் குறி மாறும் என்றான். ஏன் மாறுகிறது என்று கேட்டேன். மாறும் உம்மம்மா, அதுதான் சட்டம் என்றான். ஆர் போட்ட சட்டம் என்றேன். ரியூசன் சேர் என்றான்.

"போன செவ்வாய் அஞ்சு எக்ஸ் சமன் இருவது எழுதின நீ. அஞ்சும் அந்தப் பக்கம்தான் போன. அண்டைக்குக் குறி மாறல்லயே மகன். சட்டம் செவ்வாய்க்கிழமை லீவா?"

எல்லாப் பிள்ளைகளும் சிரித்தன. நீங்களும் சிரித்தீர்கள். எனக்கு எக்ஸும் தெரியாது, வையும் தெரியாது. போன கிழமை யார் எதைச் சொன்னான் என்பது மட்டும் மறக்காது. விடமாட்டேன் என்று பிடித்துக்கொண்டு, மூன்று சாக்கில் பன்னிரண்டு மரைக்கால் நெல் இருந்தால் ஒரு சாக்கில் எவ்வளவு என்றேன். நாலு என்றான். "சய நாலு மரைக்கால் இரிக்கிற சாக்க எந்த மூலையில வைப்ப?" என்று கேட்டேன். அவன் திரும்பிப் போய் வேலி கட்டினான்.

பிள்ளைகள் போன பிறகு நீங்கள் என்னிடம் வந்து, "ராத்தா, கேள்வி கேக்கிறதுதான் உங்கட வேலை. சாக்கு நீங்க தூக்காதீங்க. அவன் தூக்கோணும்" என்றீர்கள். மூன்று நாள் உங்களோடு கதைக்கவில்லை. நாலாம் நாள் நானே கதிரையைச் சுவருக்குக் கிட்ட இழுத்துப் போட்டேன்.

ஆறு பிள்ளைகளும் என்னிடம் வந்து நின்று ஒப்புவித்தார்கள். ஹஸ்னா மட்டும் வரமாட்டாள். அவள் எழுதுவது எல்லாரையும்விடச் சுத்தமாய் இருக்கும், அவளுடைய துண்டுச் சுவரில் ஒரு வேலிகூட இல்லை. எனக்குப் பெருமையாய் இருந்தது. நீங்கள் அந்த இடத்துக்கு வரும்போது மட்டும் அதிகநேரம் நிற்பீர்கள். ஏன் என்று நான் கேட்கவில்லை. எல்லாரிடமும் கேட்ட கேள்வியை உங்களிடம் கேட்கவில்லை.

இரண்டாம் தரம் எழுதினாள். ஏழு பேரில் அஞ்சு பேர் தேறினார்கள், சிபானும் தேறினான். ஹஸ்னா நாலு புள்ளியால் போனாள். திருத்தியது நீங்கள்தான் என்று பிள்ளைகள் கதைப்பதைக் கேட்டதும் ஓட்டோ பிடித்துப் பாண்டிருப்புக்கு வந்தேன். நீங்கள் தலையில் ஒரு துணியைச் சுற்றிக்கொண்டு முற்றத்தில் வெயிலில் இருந்தீர்கள். தலை முழுகியிருப்பீர்கள் என்று நினைத்தேன்.

ஆறு மாதமாய் எங்கள் வீட்டில் இருந்துவிட்டு நாலு புள்ளி போட மனம் வரவில்லையா என்று கேட்டேன். நீங்கள் மெதுவாகத்தான் பதில் சொன்னீர்கள். "அவள் எல்லாத்தையும் பாடமாக்கி எழுதியிரிக்காள் ராத்தா. கேள்வியில ஒரு சொல்ல மாத்தினன், அதோட நிண்டுட்டாள். இப்ப நான் புள்ளி போட்டுத் தள்ளிவிட்டா அடுத்த வருஷம் இன்னும் ஆழத்துல விழுவாள். அங்க நான் இரிக்க மாட்டன்."

கல்லூரியை விட்டு இளைப்பாறப் போகிறீர்கள் என்று அந்தக் கடைசிச் சொல்லுக்கு நான் அர்த்தம் எடுத்தேன். தலையில் கட்டிய துணிக்குக் கீழே முடி இல்லாததும், கை எலும்பாய் இருந்ததும் என் கண்ணில் படவில்லை. இருபத்திரண்டு வருஷம் முந்திய தேத்தண்ணிக் கோப்பையை மறக்காதவளுக்கு முன்னால் இருந்த மனுஷி தெரியவில்லை. "அண்டைக்கு என்ட மகள விழுத்தினீங்க, இண்டைக்குப் பேத்திய. இனி எங்கட படலையத் திறக்காதீங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன். அதுதான் நான் உங்களோடு கதைத்த கடைசிக் கதை.

இரண்டு கிழமை கழித்து, ஹஸ்னாவோடு தேறாத மற்றப் பிள்ளையும் தேறிய மூன்று பேரும் படலைக்கு வந்தார்கள். அவர்களில் உங்கள் ஊர்ப் பிள்ளை கையில் ஒரு கட்டுத் தாள். நீங்கள் எழுதிய கேள்விகள். நான் வரமாட்டேன், வகுப்பை நிறுத்த வேண்டாம், தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்குச் சொல்லட்டும், கேட்பதற்கு ராத்தா இருக்கிறா என்று சொல்லி அனுப்பியிருந்தீர்கள். என்ன திமிர் என்று நினைத்தேன். நீங்கள் இல்லாமலே என் பேத்தியைத் தேற வைத்துக் காட்டுகிறேன் என்று அந்த எரிச்சலில்தான் ஹோலைக் கூட்டிவிட்டேன்.

மூன்றாம் பரீட்சைக்கு ஒரு மாதம் இருக்கும். ஹஸ்னாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். நீங்கள் அனுப்பிய தாளில் இருந்த ஒரு கணக்கு, ஏயும் பீயும் கூட்டி வர்க்கம். ஏ வர்க்கம், இரண்டு ஏபீ, பீ வர்க்கம் என்று ஒரு மூச்சில் எழுதினாள். அந்த நடு இரண்டு எங்கேயிருந்து வந்தது என்று கேட்டேன். சூத்திரம் என்றாள். சூத்திரத்துக்கு எங்கேயிருந்து வந்தது என்றேன். கரித்துண்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மற்றப் பிள்ளைகள் நிலத்தைப் பார்த்தன.

"எனக்குத் தெரியா உம்மம்மா," என்றாள். "ஒண்டும் தெரியா. எல்லாம் பாடமாக்கின. தெரியா எண்டு சொன்னா நீங்க உம்மாட கதையத் தொடங்குவீங்க. டீச்சர ஏசுவீங்க. உம்மா குசினிக்குள்ள போயிருவா. சின்னப் புள்ளையில இருந்து அதத்தான் பாத்தன். அதால தெரியும் தெரியும் எண்டு சொல்லிப் பழகிட்டன்."

பிள்ளை அழவில்லை. நான்தான் எழும்பி வெளியே போய், கிணற்றடியில் காரணமில்லாமல் இரண்டு வாளி தண்ணீர் இறைத்தேன். அவளுடைய சுவரில் ஏன் வேலியே இல்லை என்று நீங்கள் கண்டுபிடித்துவிட்டீர்கள். யாரால் என்றும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். அந்த முற்றத்தில் நான் ஏசியபோது அதைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

திரும்பி வந்தபோது ஹஸ்னா சுவரில் ஒரு சதுர வயல் கீறியிருந்தாள். ஒரு பக்கம் வரம்பைத் தள்ளிக் கொஞ்சம் அகட்டினாள், மற்றப் பக்கமும் அதே அளவு அகட்டினாள். பழைய வயல் ஒன்று, நீட்டுத் துண்டு இரண்டு, மூலையில் சின்னச் சதுரம் ஒன்று. நீட்டுத் துண்டு இரண்டையும் கரியால் நிரப்பிவிட்டு என்னைப் பார்த்தாள். எனக்கே விளங்கியது டீச்சர். அவள் பழைய கணக்குகளுக்கெல்லாம் அன்றைக்குத்தான் வேலி கட்டத் தொடங்கினாள். ஒரு கிழமையில் சுவர் போதாமல் பக்கத்து அறைக்குள் போனாள்.

ஹஸ்னா மூன்றாம் தரம் எழுதினாள். முடிவு வருமுன் நீங்கள் போய்விட்டீர்கள். சிபான்தான் வந்து சொன்னான். அன்றைக்கு ஓட்டோவில் வரும்போது வழியெல்லாம் ஒரு வார்த்தையைத் தயார் செய்துகொண்டு வந்தேன். நீங்கள் படலையில் சொன்னீர்களே, அதே வார்த்தை. உங்கள் வீட்டு முற்றத்தில் பெண்கள் நிறைய இருந்தார்கள். ஓரமாய் நின்ற என்னை உங்கள் தங்கை வந்து கையைப் பிடித்துக் கூட்டிப்போனா. "நீங்கதானே அந்த 'ஏன்' ராத்தா? அக்கா அப்படித்தான் சொல்லுவா. படுக்கையில கிடந்தும் உங்கட வகுப்புக்கு வாற எங்கட ஊர்ப் பிள்ளை வந்தா, இண்டைக்கு ராத்தா என்ன கேட்டவ எண்டுதான் முதல் கேப்பா" என்றா. உங்கள் முகத்தைப் பார்த்தேன். கொண்டுவந்த வார்த்தை வாய்க்குள்ளேயே இருந்தது.

ஹஸ்னா தேறிவிட்டாள். பெரிய புள்ளி இல்லை. ஆனால் திருத்தியது வேறு ஆள், தள்ளிவிட்டது யாருமில்லை. போனில் பார்த்துவிட்டு அவள் சத்தம் போடவில்லை, தன் உம்மாவிடம் போய் நின்றாள். ரிஸானா மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். கழுவாத கையோடு மகளைக் கட்டிப் பிடித்து அழுதாள். நாற்பத்தொரு வயதில் அப்படி அழுது நான் கண்டதில்லை. "நானும் எழுதியிருப்பன்" என்றாள்.

அதற்குப் பிறகு எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. எல்லாருக்கும் நான் சொல்லிவந்த கதையில் ஒரு பகுதியை விட்டுவிட்டுத்தான் சொல்லிவந்தேன். மறதி அல்ல. ரிஸானா கலைப்பிரிவில் ஒரு வருஷம் படித்து முடிக்கையில், மாப்பிள்ளை பேசி வந்தது. நானே அவளைப் பள்ளிக்கூடத்தால் நிறுத்தினேன். அப்போது நீங்கள் ஒருநாள் எங்கள் பழைய வீட்டுப் படலைக்கு வந்தீர்கள். நான் பிழையாச் சொல்லிப்போட்டன், பிள்ளை கெட்டிக்காரி, பரீட்சையை மட்டும் எழுத விடுங்க என்று கேட்டீர்கள். நாள் குறித்தாயிற்று என்று சொல்லி அனுப்பிவிட்டேன். இரண்டாந்தரம் ஹஸ்னாவுக்காக வந்தபோது உங்களுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை என்று மேலே எழுதினேனே, அதுவும் நான் சொல்லிப் பழகியதுதான். தெரிந்துதான் நின்றீர்கள். நான் எல்லாவற்றையும் சொல்லி, இதை மட்டும் சொல்லாமல் விட்டதைக் கேட்டுக்கொண்டு நின்றீர்கள்.

ரிஸானா கண்ணைத் துடைத்துக்கொண்டு மீனுக்குத் திரும்பியதும், பக்கத்தில் இருந்து அதை அவளுக்குச் சொன்னேன். ஒரு சொல்லும் விடாமல் சொன்னேன். அவள் கத்தியை வைக்கவில்லை.

"தெரியும் உம்மா," என்றாள். "அண்டைக்கு நான் கதவுக்குப் பின்னால நிண்டன்."

அவ்வளவுதான். சட்டியைத் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள். இத்தனை வருஷம் நான் ஊருக்கெல்லாம் உங்களை ஏசும்போது பக்கத்தில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு இருந்திருக்கிறாள். ஏன் சொல்லவில்லை என்று அவளிடம் கேட்க எனக்குத் துணிவில்லை. உங்கள்மேல் இருந்த கோபம் போய்விட்டது டீச்சர். ஆனால் அதைவிடப் பாரமான ஒன்று வந்து உட்கார்ந்திருக்கிறது, எழும்பினாலும் கூடவே எழும்புகிறது.

இந்த வருஷமும் முதலாம் வருஷப் பிள்ளைகள் ஒன்பது பேர் வருகிறார்கள். ஹஸ்னாதான் பார்க்கிறாள். இன்னும் கொஞ்ச நேரத்தில் படலை திறக்கும். நான் போய்க் கதிரையில் இருப்பேன். ரிஸானா தேத்தண்ணித் தட்டைக் கொண்டுவந்து வைப்பாள். முந்தி வைத்துவிட்டுப் போய்விடுவாள். கொஞ்ச நாளாய்ப் போவதில்லை, கதவு நிலையில் சாய்ந்து நின்று பலகையைப் பார்க்கிறாள். நேற்று ஒரு பிள்ளை எழுதியதைப் பார்த்து அவளுடைய உதடு அசைந்தது. உள்ளே வந்து இரு என்று சொல்ல ஒவ்வொரு நாளும் வாய் எடுக்கிறேன், வரவில்லை. நாற்பத்தொரு வயதுப் பொம்பிளைக்குக் கணக்கு என்னத்துக்கு என்று ஊர் கேட்கும். கேட்கட்டும். அஸருக்குப் பாங்கு சொல்கிறார்கள். தொழுதுவிட்டு, இன்றைக்குக் கதிரை இரண்டு போடப் போகிறேன்.